டெக்ஸ்டர்: நாலாவது சீசனோடு டிவியை அணைத்துவிடுங்கள்

போன மாதம் தங்கை போன் பண்ணி, 'டெக்ஸ்டர்' பார்க்க ஆரம்பித்திருக்கிறேன் என்றாள். 15 வருஷத்துக்கு முன்னால், ஹாஸ்டலில் ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காப்பி பண்ணி, மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை நான் பார்த்த தொடர். கேட்டதும் சந்தோஷம்தான், கூடவே வயிற்றில் புளியும் கரைந்தது, ஏனென்றால் இது எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே கொட்டித் தீர்க்கிறேன். கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெக்ஸ்டர் மார்கன் மயாமி போலீஸில் ரத்தக்கறை நிபுணன். சுவரில் தெறித்த ரத்தத்தைப் பார்த்தே கத்தி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். பகலில் அந்த வேலை, ராத்திரியில் கொலை. சட்டத்திடமிருந்து தப்பிய கொலைகாரர்களை மட்டும்தான் கொல்வான், அதுவும் அவனை வளர்த்த போலீஸ்காரர் ஹாரி போட்டுக்கொடுத்த விதிகளின்படி. அதில் முதல் விதி, மாட்டிக்கொள்ளாதே. ஷோடைம் சேனலில் 2006 அக்டோபரில் தொடங்கி 2013 செப்டம்பர் வரை எட்டு சீசன், 96 எபிசோட். மைக்கேல் சி. ஹால்தான் டெக்ஸ்டர்.

அந்த டைட்டில் காட்சியை மட்டும் இன்றைக்கும் நான் ஓட்டிவிட மாட்டேன். கையில் ஒரு கொசு உட்காரும், படக்கென்று ஒரு அடி. சவரம் பண்ணும்போது கழுத்தோரம் ஒரு துளி ரத்தம். முட்டை வாணலியில் விழும், மேலே சிவப்பாகச் சாஸ், சிவப்புச் சதையுள்ள ஆரஞ்சை அறுத்துப் பிழிவான், ஷூ லேஸைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி இழுத்துக் கட்டுவான். ஒரு மனுஷன் காலையில் கிளம்பி ஆபீஸ் போகிறான், அவ்வளவுதான் விஷயம், ஆனால் பார்க்கிற நமக்கு எச்சில் விழுங்க வராது. ஒரு கொலை இல்லை, ஒரு வசனம் இல்லை. இவ்வளவு யோசித்து எடுத்த ஒரு குழுவா கடைசியில் அப்படி எடுத்தது என்பதுதான் என் ஆற்றாமை.

இரண்டாவது சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்டர் பிணங்களைத் துண்டு போட்டுப் பையில் கட்டிக் கடலில் போடுவான். அந்தப் பைகள் முக்குளிப்பவர்கள் கண்ணில் பட்டுவிடும். விசாரிக்கப்போவது யார்? அவனுடைய ஆபீஸே. கூடவே எஃப்.பி.ஐ.யிலிருந்து லண்டி என்று ஒரு பெரியவர், குரலை உயர்த்தாமல், சாண்ட்விச் தின்றுகொண்டே நெருங்கி வருவார். பைகளுக்குள் எடைக்குப் போட்ட கல்லில் ஒட்டியிருந்த பாசியை வைத்து, இது எந்தப் படகுத்துறைப் பக்கத்துக் கல் என்று தேட ஆரம்பிப்பார்கள். பாசி! அதைக் கேட்ட நிமிஷம் டெக்ஸ்டரின் முகம் போன போக்கில் என் தொண்டையும் வறண்டுபோனது. இன்னொரு பக்கம் சார்ஜென்ட் டோக்ஸ். ஆபீஸே டெக்ஸ்டர் வாங்கி வரும் டோனட்டைத் தின்றுவிட்டு அவனை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்க, இவர் ஒருத்தர்தான் முதல் நாளிலிருந்தே இவன் சரியில்லை என்று முறைத்துக்கொண்டே இருப்பார்.

இந்தத் தொடரின் உயிரே அந்தப் பயம்தான். டெக்ஸ்டர் யாரைக் கொல்கிறான் என்பதா சுவாரசியம்? வாரத்துக்கு ஒருத்தனைக் கொன்றுகொண்டேதான் இருந்தான். இன்றைக்கு மாட்டிவிடுவானோ என்கிற படபடப்புதான் நம்மை உட்கார வைத்தது. அப்படிப் படபடக்க வேண்டுமென்றால் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கு மூளை இருக்க வேண்டும். முதல் நாலு சீசனில் இருந்தது.

அந்த நாலாவது சீசன் (2009) பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஜான் லித்கோ நடித்த ஆர்தர் மிட்செல், சர்ச், குடும்பம், ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவது என்று ஊருக்கே நல்ல மனிதர், 30 வருஷமாகக் கொலை பண்ணிக்கொண்டிருப்பவர். அந்த வேடத்துக்கு லித்கோவுக்கு எம்மியும் கோல்டன் குளோபும் கிடைத்தன, கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். டெக்ஸ்டருக்கு அப்போது கைக்குழந்தை, தூக்கமே கிடையாது, காரில் பிணத்தை வைத்துக்கொண்டே கண்ணசந்து வண்டியைக் கவிழ்ப்பான். ஆர்தரை முன்னாலேயே முடித்திருக்கலாம். கொலையையும் குடும்பத்தையும் இந்த ஆள் எப்படிச் சமாளிக்கிறார் என்று கற்றுக்கொள்ளும் ஆசையில் தள்ளிப்போட்டுக்கொண்டே போனான். கடைசியில் வீட்டுக்கு வந்தால் குளியல் தொட்டியில் மனைவி ரீட்டா, கீழே ரத்தத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டு குழந்தை ஹாரிசன். சின்ன வயதில் தன் அம்மாவின் ரத்தத்தில் டெக்ஸ்டர் உட்கார்ந்திருந்தானே, அதே மாதிரி. தப்புக்கு வட்டியும் முதலுமாக வசூல் பண்ணிவிட்டார்கள். அன்றைக்கு ரூமில் ஐந்து பேர், ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லை. லைட்டைப் போடக்கூட யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அதோடு தொடரை வழிநடத்திய கிளைடு ஃபிலிப்ஸ் விலகிவிட்டார். கதையும் ஏறக்குறைய அவர் பின்னாலேயே கிளம்பிப் போய்விட்டது.

ஐந்தாவது சீசன் அவ்வளவு மோசமில்லை என்று சொல்வேன், சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் நோய் அங்கேதான் தொடங்கியது. ரீட்டாவின் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், பிரச்சினை தீர்ந்தது. சந்தேகப்பட்டுத் தோண்டிக்கொண்டிருந்த சக போலீஸ்காரன் குவின் தன் ஷூவில் பட்ட ரத்தத்தால் மாட்டிக்கொள்ள, டெக்ஸ்டர் அவனைக் காப்பாற்றிவிடுவான், அதோடு சந்தேகமும் போச்சு. சீசன் கடைசியில் அவன் தங்கை டெப்ரா, அவளும் போலீஸ்தான், துப்பாக்கியோடு வந்து நிற்பாள், அவளுக்கும் கொலையை முடித்துவிட்டு நிற்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை, அவ்வளவுதான். கையை நீட்டி விலக்கினால் எல்லாம் முடிந்தது. விலக்க மாட்டாள். ஒரு மணி நேரத்தில் போலீஸை வரச் சொல்வேன், அதற்குள் போய்விடுங்கள் என்று திரும்பிப் போய்விடுவாள். முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் உறைத்தது, திரைக்கு அந்தப் பக்கம் போகக் கதை எழுதியவர்களுக்கே தைரியமில்லை.

ஆறாவது சீசன் சுத்த மொக்கை. பைபிள் கொலைகள், ஒரு பேராசிரியர், ஒரு சீடன். பேராசிரியர் எப்போதோ செத்துவிட்டார், சீடனின் மனசுக்குள்தான் இருக்கிறார் என்று ஒன்பதாவது எபிசோடில் பெரிய ட்விஸ்ட்டாக அவிழ்த்தார்கள். ரசிகர்கள் பலர் அதை ஆரம்ப வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட்டுச் சும்மா காத்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதென்று டெப்ராவுக்கு அண்ணன் மேலேயே காதல் என்று ஒரு கிளைக்கதை. கூடப் பிறக்கவில்லை, வளர்ப்பு அண்ணன்தான், இருந்தாலும் நம்மால் தாங்க முடியுமா? இதில் மைக்கேல் சி. ஹாலும் டெப்ராவாக நடித்த ஜெனிஃபர் கார்பென்டரும் நிஜத்தில் கணவன் மனைவியாக இருந்து அந்தச் சமயத்தில்தான் பிரிந்திருந்தார்கள், அந்த நேரத்தில் இந்தக் காட்சிகளை நடிக்க வைத்த புண்ணியவான்களை என்ன சொல்ல. ஏழாவது கொஞ்சம் தலை தூக்கியது. டெப்ராவுக்கு உண்மை தெரிந்துவிட்ட பிறகு கார்பென்டர் நடித்த நடிப்பெல்லாம் வேறு ரகம். பிறகு ஹேன்னா என்று ஒரு காதலி வந்தாள், கதை மறுபடி படுத்துவிட்டது.

எட்டாவது சீசனில் என்னதான் நடக்கவில்லை என்று கேளுங்கள். திடீரென்று டெக்ஸ்டரோடு வேலை பார்க்கும் மசூக்காவுக்கு ஒரு மகள் முளைப்பாள், எதற்கு என்று கடைசி வரை தெரியாது. தேடப்படும் குற்றவாளி ஹேன்னா தலைமறைவாக இருக்கும்போது குழந்தை டிரெட்மில்லில் ஏறி விழுந்து முகவாயைக் கிழித்துக்கொள்வான், அவளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தொடர் முடிய இரண்டு மூன்று எபிசோட்தான் இருக்கிறது, இவர்கள் டிரெட்மில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் கடைசி எபிசோடில், டெப்ராவைச் சுட்டுவிட்டு லாக்கப்பில் இருக்கும் கொலைகாரன் ஸாக்சனை டெக்ஸ்டர் போய்ப் பார்ப்பான், அவனைச் சீண்டித் தன்னைக் குத்த வைத்து, ஒரு பேனாவாலேயே கழுத்தில் குத்திக் கொன்றுவிடுவான். ஸ்டேஷனுக்குள். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வீடியோவை அதே ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் பட்டிஸ்டாவும் குவினும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தற்காப்புக்காகத்தானே, சரி போ என்று அனுப்பிவிடுவார்கள். கல்லில் ஒட்டிய பாசியை வைத்துப் படகுத்துறையைத் தேடிய அதே போலீஸ்! காதில் பூ இல்லை, பூக்கடையையே வைத்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? நினைவு திரும்பாமல் படுத்திருக்கும் டெப்ராவின் சுவாசக் கருவியை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியால் போர்த்தி, ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து படகில் ஏற்றுவான். புயல் வருகிறது, எல்லோரும் பரபரப்பில் இருக்கிறார்கள், சரி, அதற்காக ஒரு வாட்ச்மேன்கூடவா கேட்க மாட்டான்? எட்டு வருஷம் அந்தத் தொடரைத் தாங்கிய பாத்திரம், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, மனசு தங்கம், அவளை அவன் பையில் கட்டிய கொலைகாரர்கள் கிடக்கும் கடலிலேயே போட்டார்கள். பிறகு புயலுக்குள் படகை விட்டுச் செத்தான் என்று நினைத்தால், தாடி வளர்த்துக்கொண்டு எங்கேயோ மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். திரை இருட்டானதும் இன்னும் ஏதோ வரும் என்று நான் இரண்டு நிமிஷம் காத்திருந்தேன்.

சேனல் அவனைச் சாகவிடவில்லை என்று தயாரிப்பாளர்களில் ஒருவரே பேட்டியில் சொல்லிவிட்டார். ஃபிலிப்ஸ் தன் மனசில் இருந்த முடிவைச் சொன்னதைப் படித்தபோது இன்னும் வயிறு எரிந்தது. மரண தண்டனை மேசையில் டெக்ஸ்டர் கட்டப்பட்டிருக்கிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கொன்றவர்களும் அவனால் செத்தவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்கு நான் கடைசி நாலு சீசனையும் மன்னித்திருப்பேன். கடைசி எபிசோடை அமெரிக்காவில் 28 லட்சம் பேர் பார்த்தார்கள், அந்தத் தொடருக்கே அதுதான் அதிகம். கூட்டம் இருக்கிறவரை யார் கடையை மூடுவார்கள்?

2021-ல் ஃபிலிப்ஸே திரும்பி வந்து ஒரு புதுத் தொடரின் பத்து எபிசோடில் மகன் கையால் அவனைச் சுடவைத்தார். அவசர முடிவுதான், ஆனாலும் முடிவு என்று ஆறுதல் பட்டேன். 2025-ல் இன்னொரு தொடரில் கோமாவிலிருந்து எழுந்து வந்துவிட்டான்.

முதல் நாலு சீசனுக்கு பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். மீதிக்கு மூன்று, அதுவும் கார்பென்டருக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கை கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "அண்ணா, ரீட்டாவை ஏன் இப்படிப் பண்ணாங்க?" நாலாவது சீசனை முடித்துவிட்டாள் என்று புரிந்தது. "அவ்வளவுதான்மா, இதோட முடிஞ்சது, போய்த் தூங்கு" என்றேன். நல்ல முடிவு இல்லையா என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் கழித்து வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது, எட்டு சீசனும் வரிசையாக. கீழே, "பொய் சொல்லாத. இன்னும் நாலு இருக்கு."

அதெல்லாம் வேற டெக்ஸ்டர் என்று பதில் போட்டேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அனேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.