மும்பையில் பழைய பார்களைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று பணம் கேட்பவர்கள்: ஓர் எச்சரிக்கை

மும்பைக்கு வரும் நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நகரத்தின் பழைய பெர்மிட் ரூம்களை, அதாவது மதுக்கூடங்களை, ஒரே மாலையில் சுற்றிக் காட்டுவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து, முழுத்தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, தங்களுக்குக் கமிஷன் தரும் கடைகளில் ஆட்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறார்கள். எங்களிடம் பணத்தைப் பறித்ததோடு நிறுத்தாமல் மிரட்டவும் செய்தார்கள். எந்தெந்த வழியில் பறித்தார்கள் என்று விவரமாகச் சொன்னால்தான் அடுத்து வருபவர்கள் தப்பிக்க முடியும்.

மதுரையிலிருந்து அத்தான் வந்திருந்தார். அவருடன் இரண்டு நண்பர்கள். அந்த நண்பர்களில் ஒருவரின் மகன், 23 வயது. பழைய மும்பையைப் பார்க்க வேண்டும், மால்களையும் கடற்கரையையும் அல்ல என்பது அத்தானின் ஆசை. விளம்பரத்தைப் பார்த்து அவரே பதிவு செய்தார். தலைக்கு ரூ.2,200. தென் மும்பையின் கோட்டை, கொலாபா, தோபி தலாவ் பகுதிகளில் நான்கு பழைய பெர்மிட் ரூம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பானம், சக்னா (மதுவோடு கொறிக்கத் தரும் தின்பண்டம்), கூடவே வரலாறு சொல்லும் வழிகாட்டி, எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம் என்று எழுதியிருந்தது. என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு ரூ.11,000 யுபிஐயில் போனது. பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனிநபரின் கணக்கில். ரசீது கேட்டதற்கு, திரையில் வந்ததே ரசீது என்று பதில் வந்தது.

மாலை ஐந்து மணிக்கு சர்ச்கேட் ரயில் நிலைய வாசலில் வழிகாட்டி வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். இந்தியும் ஆங்கிலமும் சரளம். முதல் வேலையாகத் தலைக்கு ரூ.200 கேட்டான். "மகாராஷ்டிராவில் குடிக்க பெர்மிட் வேண்டும் சார், சட்டம். அந்தக் கட்டணம் தனி."

சட்டம் இருப்பது உண்மை. 1949இல் பம்பாய் அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி மது வாங்கவும் குடிக்கவும் தனிநபர் பெர்மிட் வேண்டும். அதனால்தான் இங்கே பாருக்குப் பெயரே பெர்மிட் ரூம். ஆனால் கட்டணம் எவ்வளவு தெரியுமா? வெளிநாட்டு ரக மதுவுக்கு ஒரு நாள் பெர்மிட் ரூ.5. நாட்டு மதுவுக்கு ரூ.2. ஓராண்டுக்கு ரூ.100, ஆயுள் முழுவதற்கும் ரூ.1,000. மாநில கலால் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு இருநூறு ரூபாய் கேட்கிறாயே என்று நான் சொன்னதும், "குழுவுக்கான சிறப்பு பெர்மிட்" என்றான். அப்படி ஒன்று கிடையாது. விருந்தினர்கள் முன்னிலையில் சண்டை வேண்டாம் என்று அத்தான் ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். சீட்டு எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதுவே எங்கள் மீது திரும்பியது.

தோபி தலாவ் பக்கம் போகவே இல்லை. கோட்டைப் பகுதியின் பின்சந்துகளில் நடத்தி, படி இறங்கி, ஒரு ஏசி ஹாலுக்குள் கொண்டுபோனான். சுவரில் புதிதாகப் பூசிய பெயின்ட் வாடை. பழைய இந்திப்பட போஸ்டர்களை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மேசைக்கு வந்த பானம் ஏற்கெனவே சோடா கலந்த கிளாஸில் வந்தது. எந்த பிராண்டு, எத்தனை மில்லி என்று கேட்டால், "விஸ்கி, 30" என்பதோடு சரி. பாட்டிலைப் பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை. அத்தானின் நண்பர் மருந்துக்கடை வைத்திருப்பவர், அளவுகளோடு வாழ்பவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் பத்து மில்லிகூட இல்லை" என்று கிளாஸைத் தள்ளி வைத்தார்.

கண்முன் அளந்து ஊற்றச் சொல்வது உங்கள் உரிமை. சின்ன பெக் 30 மில்லி, பெரிய பெக் 60 மில்லி. அளக்கும் குவளையில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். நல்ல பெர்மிட் ரூமில் இதைக் கேட்கவே தேவைப்படாது. அங்கே பெரும்பாலும் 180 மில்லி குவார்ட்டர் பாட்டிலையே மேசைக்குக் கொண்டுவந்து, நம் எதிரில் மூடியைத் திருகி சீலை உடைப்பார்கள்.

இரண்டாவது இடத்தில்தான் முழுக் கொள்ளையும் நடந்தது. வாசலில் நின்று வழிகாட்டி வரலாறு சொன்னான். 1911 முதல் ஒரு நாள்கூட மூடாமல் மது விற்கும் கடையாம். கேட்கும்போதே கோபம் வந்தது. 1950இல் இந்த மாநிலத்தில் மதுவிலக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்துறை அமைச்சராக இருந்து அதை முன்னின்று நடத்தியவர் மொரார்ஜி தேசாய். பார்கள் மூடின. பாந்த்ராவிலும் மாஹிமிலும் கோவா கிறிஸ்தவப் பெண்கள் வீட்டு முன்னறையில் ரகசியமாகச் சாராயம் ஊற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய காலம் அது. ‘ஆன்ட்டி பார்’ என்று முதியவர்கள் இன்றும் சொல்வது அந்த வீடுகளைத்தான். 1960களுக்குப் பிறகு பிடி மெல்லத் தளர்ந்தபோதுதான் பெர்மிட் ரூம்கள் பெருகின; அவற்றில் பலவற்றை உடுப்பி, மங்களூர்ப் பக்கத்து ஷெட்டிகள் நடத்தினார்கள். இன்றைக்குப் பழைய பார் என்று நாம் ஆசையோடு தேடிப் போகும் இடங்களில் பலவும் இந்தக் காலத்துப் பிள்ளைகள்தாம். ஈரானிலிருந்து வந்தவர்களின் இரானி உணவகமாகத் தொடங்கிப் பிறகு பீர் உரிமம் பெற்றவை வேறு வகை. 1911 முதல் இடைவிடாமல் மது விற்ற பார் இந்த ஊரில் இருக்கவே வழியில்லை.

நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் அடுத்த கதையை எடுத்தான். பழைய பம்பாயின் தமிழ் தாதா வரதராஜ முதலியார் இந்த மேசையில் உட்கார்ந்துதான் கணக்குப் பார்ப்பாராம். முதலியாரின் ஆட்சி மாட்டுங்கா, தாராவி, சயன் கோலிவாடா பக்கம், தொழில் கள்ளச்சாராயம். உரிமம் வாங்கி விற்பவனுக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஆள். கோட்டையில் ஒரு ஏசி பாரில் அவருக்கு என்ன வேலை? மதுரைக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்த மேசைக்கு ஒரு கதை ஜோடித்து வைத்திருக்கிறார்கள்.

‘அடக்கம்’ என்று சொன்ன பானம் ஒன்று வந்தது, அதோடு சரி. சக்னா கேட்டால் மெனு கார்டை நீட்டினார்கள். வேகவைத்த கடலையும் வெள்ளரித் துண்டும் இலவசமாக வைக்காத பழைய பெர்மிட் ரூமை நான் மும்பையில் கண்டதில்லை. வேறு வழியில்லாமல் உணவும் சில பானங்களும் வாங்கினோம். பில் வந்தது. இதோ அதன் விவரம்:

மது ரூ.3,600, உணவு ரூ.1,400, ஆக ரூ.5,000. அதன்மேல் மதுவுக்கு வாட் 10 சதவீதம், ரூ.360. மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், ரூ.900. சேவைக் கட்டணம் 10 சதவீதம், ரூ.500. ‘மேசைக் கட்டணம்’ ரூ.400. கூட்டினால் ரூ.7,160.

வாட் சரி. பெர்மிட் ரூமில் பரிமாறும் மதுவுக்கு அது 2023 நவம்பரில் 5 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்ந்தது. மீதி மூன்றும் ஏமாற்று. மனிதர் குடிக்கும் மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. 2017இல் அந்த வரி வந்தபோதே சட்டம் மதுவை வெளியே வைத்துவிட்டது. உணவுக்கு மட்டும் ஜிஎஸ்டி உண்டு, சாதாரண உணவகத்தில் அது 5 சதவீதம். அதாவது ரூ.70. நட்சத்திர விடுதிக்கு உள்ளே உட்கார்ந்தால்தான் 18 சதவீதப் பேச்சு எழும். சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மேசைக் கட்டணம் பற்றி மெனு கார்டில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் கொடுக்க வேண்டியது ரூ.5,430. கேட்டது அதைவிட ரூ.1,730 அதிகம். ஜிஎஸ்டி வாங்கும் கடை தன் பதிவெண்ணை பில்லில் அச்சிட வேண்டும். மகாராஷ்டிராவில் அது 27 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்துகள். அந்தத் தாளில் எண்ணே இல்லை. அப்படியென்றால் வரி என்ற பெயரில் வாங்கும் தொகை அரசுக்குப் போய்ச் சேரும் என்று எப்படி நம்புவது?

இதையெல்லாம் கல்லாவில் இருந்தவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. நண்பரின் மகனைக் காட்டி, "அந்தப் பையனுக்கு வயது என்ன? 25 ஆகவில்லையே. உங்களிடம் பெர்மிட்டும் இல்லை. போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார். அதற்குள் கதவருகே இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். பெர்மிட்டுக்கென்று வாங்கிய ஆயிரம் ரூபாய்க்குச் சீட்டு தராமல் விட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வழிகாட்டியைத் தேடினால் அவன் அங்கே இல்லை. போனும் எடுக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துவிடுகிறார்கள். மகாராஷ்டிராவில் விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு வயது வரம்பு 25. மைல்டு பீருக்கும் ஒயினுக்கும் 21. நம் ஊரில் 21 வயதோடு முடிந்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை. பையன் அன்று குடித்தது எலுமிச்சை சோடா மட்டுமே; பில்லிலும் அது இருந்தது. பெர்மிட் இல்லாதவருக்கு மது ஊற்றியது கடையின் குற்றமும்தான். "கூப்பிடுங்கள், நானும் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு, 1915க்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. இரவு எட்டு மணி வரை ஆள் இருப்பார்கள். நல்ல வேளையாக அப்போது ஏழரைதான் ஆகியிருந்தது. கடையின் பெயரையும் தொகையையும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேவைக் கட்டணமும் மேசைக் கட்டணமும் பேனாவால் அடிக்கப்பட்டன. ஜிஎஸ்டியை மட்டும் கடைசிவரை குறைக்கவில்லை. பில்லின் மேல் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்துக்கொண்டு, கார்டில் ரூ.6,260 கட்டிவிட்டு வெளியே வந்தோம். மூன்றாவது, நான்காவது இடங்களை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நடை ஏற்பாடு செய்வது மட்டுமே தங்கள் வேலை, கடைக்குள் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் விளம்பரத்தில் இருந்த ‘எல்லாம் அடக்கம்’ என்ற வரி காணாமல் போயிருந்தது. அத்தான் அதை ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருந்ததால் புகாரோடு இணைக்க முடிந்தது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் பணத்தைப் பற்றியது அல்ல. பழைய பெர்மிட் ரூம் மும்பையில் உழைப்பவனின் இடம். டாக்சி ஓட்டுநர், துறைமுகத் தொழிலாளி, அலுவலகக் குமாஸ்தா எல்லாரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரும் இடம். யாரையும் விரட்டுவதில்லை, யாரிடமும் கூடுதலாக வாங்குவதில்லை என்ற நல்ல பெயரில்தான் அவை இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்தப் பெயரை எடுத்து ஊருக்குப் புதியவர்களிடம் இவர்கள் விற்கிறார்கள்.

மறுநாள் அவர்களை நானே செம்பூரில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பெர்மிட் ரூமுக்கு அழைத்துப்போனேன். கீழே மின்விசிறி, மேலே ஏசி. இரண்டுக்கும் தனித்தனி விலைப்பட்டியல். ஏசியில் விலை கூடும் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். கீழேயே உட்கார்ந்தோம். குவார்ட்டர் சீலோடு வந்தது. கடலையில் வெங்காயமும் எலுமிச்சையும் பிழிந்து, கேட்காமலே இரண்டு முறை வைத்தார்கள். காலி பாட்டில்களை மேசையிலேயே விட்டுவைத்து, கடைசியில் அவற்றை எண்ணிக் கணக்குப் போட்டார் பரிமாறியவர். அதில் சண்டைக்கு இடமே இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் அச்சிட்ட விலையைவிடச் சற்று அதிகம் வாங்கினார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் அப்படி விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது.

ஆகவே, வழிகாட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். இங்கே நமக்குத் தெரிந்தவர் இல்லாத பேட்டையே கிடையாது. மாட்டுங்காவிலோ சயனிலோ முலுண்டிலோ யாரையாவது கேளுங்கள். அப்படியும் போவதென்றால் பாதித் தொகைக்கு மேல் முன்பணம் தராதீர்கள். போகப்போகும் கடைகளின் பெயர்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தக் கடைகளுக்கு ஒரு போன் போட்டு உண்மையா என்று கேளுங்கள். பெர்மிட்டைக் கடையிலேயே ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கிப் பையில் வையுங்கள். 25 வயது ஆகாத பிள்ளைகள் கூட இருந்தால் அடையாள அட்டையும் இருக்கட்டும்.

எங்கள் புகாருக்கு எண் வந்துவிட்டது. கடைக்கும் ஏற்பாட்டாளருக்கும் விளக்கம் கேட்டு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள்; பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் யுபிஐ ரசீதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கப் போகிறேன்.