ஒரே வகுப்பறையா, இரண்டு நாள் சந்திப்பா, அரபு ஆசிரியரா?

இஸ்ரேலில் ஒரு யூதக் குழந்தையும் ஓர் அரபுக் குழந்தையும் அடுத்தடுத்த ஊர்களில் பிறந்து வளர்ந்து, பன்னிரண்டு வருஷம் பள்ளிக்குப் போய்வந்து, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமலே படிப்பை முடித்துவிட முடியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடப்பதும் அதுதான். நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 21 சதவீதம் பேர் அரபுக் குடிமக்கள். ஆனால் பள்ளிகள் நான்கு தனித் தடங்களில் ஓடுகின்றன: பொது யூதப் பள்ளி, மதம் சார்ந்த யூதப் பள்ளி, ஹரேதி (மிகக் கடுமையான மரபுவழி யூதர்) பள்ளி, அரபுப் பள்ளி. 2015 ஜூனில் ஹெர்ஸ்லியா மாநாட்டில் அன்றைய குடியரசுத் தலைவர் ரூவன் ரிவ்லின் முதல் வகுப்புச் சேர்க்கைக் கணக்கைச் சொன்னார்: 38 சதவீதம் மதச்சார்பற்ற யூதர், 15 சதவீதம் தேசிய-மதப் பிரிவினர், ஏறக்குறைய கால்வாசி அரபுப் பிள்ளைகள், கால்வாசி ஹரேதி பிள்ளைகள். நான்கு பங்கும் நான்கு விதமான பாடப் பின்னணியோடு வளர்கின்றன.

முதல் சந்திப்பு பலருக்குப் பல்கலைக்கழகத்தில்தான் அமைகிறது. அரபு மாணவர் பள்ளி முடித்த கையோடு பதினெட்டு வயதில் வருவார். யூத மாணவர் ராணுவ சேவையை முடித்துவிட்டு இருபத்தொன்றில் வருவார். அறிமுகமாகிக்கொள்ள இதைவிடக் கடினமான ஒரு தொடக்கத்தை யோசிப்பது கஷ்டம்.

இதைப் பள்ளி வயதிலேயே மாற்ற மூன்று வழிகள் பல வருஷங்களாகப் போட்டி போடுகின்றன. முதல் வழி, இரு தரப்புக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் இருமொழிப் பள்ளி. இரண்டாவது, தனித்தனிப் பள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு மாணவர்களைச் சில நாட்கள் சந்திக்க வைக்கும் முகாம்கள். மூன்றாவது, யூதப் பள்ளிகளில் அரபு ஆசிரியர்களை வேலைக்கு அமர்த்துவது.

மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: இந்த ஏற்பாட்டில் யார் யாரைத் தேடிப் போகிறார்கள்? அரபுக் குடிமக்கள் ஏற்கனவே தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, கல்லூரிக்கு, எல்லாம் ஹீப்ருவில் பேசிக்கொண்டு. பள்ளி இறுதித் தேர்வில் அவர்களுக்கு ஹீப்ரு கட்டாயம். யூத மாணவருக்கு அரபு அப்படி இல்லை. எதிர்த்திசைப் போக்குவரத்து என்றால், சனிக்கிழமை அரபு ஊருக்குப் போய் ஹம்முஸ் சாப்பிடுவது, காரை ரிப்பேருக்கு விடுவது. அதோடு சரி. இஸ்ரேலை யூத மக்களின் தேச-அரசு என்று அறிவித்த 2018 சட்டம் அரபு மொழியின் ஆட்சிமொழித் தகுதியை எடுத்துவிட்டு ‘சிறப்புத் தகுதி’ என்று மாற்றிய பிறகு இந்தச் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது.

இருமொழிப் பள்ளி

ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் நடுவில், லாட்ரூன் மடத்து நிலத்தில், யூதர்களும் அரபுகளும் சேர்ந்தே வாழ வேண்டும் என்று உருவான கிராமம் நெவே ஷாலோம் – வாஹத் அல்சலாம். புரூனோ ஹுசார் என்ற டொமினிக்கன் துறவியின் கனவு அது. அங்கே 1984-ல் தொடங்கிய தொடக்கப் பள்ளிதான் இந்த வகையில் முன்னோடி. ஆனால் அது தாங்களாகவே விரும்பிச் சேர்ந்து வாழ வந்தவர்களின் ஊர். சாதாரண ஊர்களில், சாதாரணக் குடும்பங்களோடு இது நடக்குமா என்று சோதித்துப் பார்த்தது ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு. அமீன் கலஃப், லீ கார்டன் என்ற இருவர் 1997-ல் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே ஜெருசலேமிலும் கலிலேயாவிலும் வகுப்புகள் தொடங்கின. பிறகு வாதி ஆரா, ஹைஃபா, யாஃபா என்று பரவியது.

சின்ன வகுப்புகளில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் ஹீப்ருவில் பேசுவார், மற்றவர் அரபில். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்ப்பதில்லை. குழந்தை இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டே வளர வேண்டும். ஈத், கிறிஸ்துமஸ், ஹனுக்கா மூன்றும் பள்ளி நாள்காட்டியில் உண்டு. பண்டிகைகள் சுலபமான பகுதிதான். வசந்தகாலம் வந்தால்தான் சோதனை. போர்வீரர் நினைவு நாளில் நாடு முழுக்கச் சைரன் ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மறுநாள் சுதந்திர தினம். அதே 1948 அரபுக் குடும்பங்களுக்கு நக்பா, அதாவது தாத்தா பாட்டி வீட்டையும் ஊரையும் இழந்த வருஷம். மற்றப் பள்ளிகள் இதில் ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். இருமொழிப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டையும், இரண்டு பேரின் முன்னாலும், ஒருவரையும் குற்றவாளி ஆக்காமல் சொல்லியாக வேண்டும். இதைச் செய்யும் ஆசிரியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் கேள்விக்கு நேரடியான பதில் சொல்வது, அரபு ஊர்கள் நிறைந்த வாதி ஆரா பள்ளத்தாக்கின் பள்ளி. 2000 அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்குச் சாலை மறியலிலும் மோதலிலும் சிக்கியது. அந்த நாட்களில் நாட்டின் பல இடங்களில் போலீஸ் நடவடிக்கையில் 12 அரபுக் குடிமக்களும் காஸாவைச் சேர்ந்த ஒருவரும் உயிரிழந்தார்கள். பல யூதர்கள் அந்தச் சாலையில் போவதையே நிறுத்தினார்கள். நான்கே வருஷம் கழித்து, 2004-ல், அதே வட்டாரத்தின் கஃப்ர் காரா என்ற அரபு ஊருக்குள் இருமொழிப் பள்ளி திறந்தது. யூதப் பெற்றோர் தினமும் காலையில் தங்கள் பிள்ளைகளை அரபு ஊருக்கு அனுப்பினார்கள். வழக்கமான திசை அங்கே திரும்பியது. இஸ்ரேலியக் கல்வி வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான ஒரு பள்ளிச் சேர்க்கையை நான் அறிந்ததில்லை.

இந்தப் பள்ளிகளுக்கு எதிரிகளும் குறைவில்லை. 2014 நவம்பர் 29 இரவு ஜெருசலேம் பள்ளியின் முதல் வகுப்பு அறைக்கு லெஹாவா என்ற தீவிர யூதக் குழுவைச் சேர்ந்தவர்கள் தீ வைத்தார்கள். ‘புற்றுநோயோடு சகவாழ்வு கிடையாது’ என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

சரி, குறைகள். முதலாவது மொழி. இத்தனை முயற்சிக்குப் பிறகும் வகுப்பில் ஹீப்ருதான் ஜெயிக்கிறது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஸ்வி பெக்கர்மன் இந்தப் பள்ளிகளைப் பல வருஷம் ஆராய்ந்தவர். யூதப் பிள்ளைகளின் அரபு, அரபுப் பிள்ளைகளின் ஹீப்ருவுக்கு அருகில்கூட வருவதில்லை என்பதைத் தொடர்ந்து எழுதியிருக்கிறார். வெளியே கடையில், டிவியில், விளையாட்டு மைதானத்தில் எல்லாம் ஹீப்ரு இருக்கும்போது பள்ளி மட்டும் என்ன செய்துவிட முடியும்? போதாததற்குப் பேச்சு அரபுக்கும் எழுத்து அரபுக்கும் நடுவில் உள்ள தூரம் வேறு. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆறாம் வகுப்பு முடிந்ததும் யூதக் குடும்பங்களில் கணிசமானவை விலகுகின்றன. உயர்நிலை வகுப்புகளில் சமநிலை சாய்கிறது. பதினெட்டு வயதில் ஒரு தோழி ராணுவத்துக்குப் போக, இன்னொருத்தி கல்லூரிக்குப் போவாள் என்ற உண்மை அந்த வகுப்பறைக்குள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது அளவு. எல்லா இருமொழிப் பள்ளிகளையும் கூட்டினாலும், இஸ்ரேலின் மாணவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும். அரசுப் பள்ளிகள்தான் என்றாலும், இரட்டை ஆசிரியர் முறைக்கான செலவை ஈடுகட்ட நன்கொடையும் பெற்றோர் கட்டணமும் வேண்டியிருக்கின்றன. அதனால் ஏற்கனவே மனம் திறந்த, ஓரளவு வசதியுள்ள குடும்பங்களே அதிகம் வருகின்றன.

சந்திப்பு முகாம்

இதற்கு நல்ல வரலாறு உண்டு. 1984-ல் அரபு வெறுப்பையே கொள்கையாக வைத்திருந்த மெயிர் காஹானே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். இளைஞர்களிடம் அவருக்கு இருந்த ஈர்ப்பைக் கண்டு பயந்துபோன கல்வித் துறை, யிட்ஸ்ஹாக் நவோன் அமைச்சராக இருந்தபோது, சகவாழ்வுக் கல்விக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. கிவாத் ஹவீவா போன்ற மையங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சந்திக்க வைத்தன. அந்த மையத்துக்கு 2001-ல் யுனெஸ்கோவின் அமைதிக் கல்விப் பரிசு கிடைத்தது. செலவு குறைவு, எந்தப் பள்ளியையும் மாற்ற வேண்டியதில்லை, இருமொழிப் பள்ளிப் பக்கமே வராத குடும்பத்துப் பிள்ளையும் வருவான். இவை உண்மையான பலங்கள்.

ஆனால் இரண்டு நாள் முடிந்ததும் பஸ் இரண்டு திசையில் போய்விடும். 1954-லேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொல்லிவைத்தார்: இரு குழுக்கள் சந்திப்பது பலன் தர வேண்டுமென்றால் சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு எல்லாம் வேண்டும். ஒரு வாரக்கடைசியில் இதில் எது கிடைக்கும்? ஹைஃபா பல்கலைக்கழகத்தில் அமைதிக் கல்வியை ஆராய்ந்த காவ்ரியேல் சாலமனும், மேலோட்டமான அபிப்பிராயங்கள் எளிதில் மாறுகின்றன, ஆழமான நம்பிக்கைகள் அசைவதில்லை, மாறியதும் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்றே கண்டார்.

இந்த வகையில் நான் மதிப்பது நெவே ஷாலோம் அமைதிப் பள்ளியின் முறையை. அந்தக் கிராமத்தில் தொடக்கப் பள்ளிக்கு முன்பே, 1979-ல், இத்தகைய சந்திப்புகளுக்கென்று தொடங்கிய தனி அமைப்பு அது. ‘நாம் எல்லோரும் மனிதர்கள்தானே’ என்ற இனிப்பான பேச்சு பெரும்பான்மையினருக்குத்தான் வசதி என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு, இரண்டு தேசியக் குழுக்களாகவே உட்காரவைத்து, நிலம், சட்டம், அதிகாரம் பற்றி நேருக்கு நேர் பேசவைத்தார்கள். பல மாதம் நீளும் பல்கலைக்கழக வகுப்புகளில் இது நன்றாக வேலை செய்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் இதைச் செய்தால் புண்ணைக் கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்பியதாகும்.

அரபு ஆசிரியர்

மூன்றாவது வழியைப் பற்றி ஊடகங்கள் அதிகம் பேசுவதில்லை. புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி அதில் இல்லை. ஆனால் கணக்கு அதன் பக்கம் இருக்கிறது. வடக்கில் ஆசிரியர் பயிற்சி முடித்த அரபுப் பட்டதாரிகள், குறிப்பாகப் பெண்கள், அரபுப் பள்ளிகளில் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள். நாட்டின் நடுப்பகுதி யூதப் பள்ளிகளில் கணிதம், ஆங்கிலம், அறிவியலுக்கு ஆசிரியர் பற்றாக்குறை. ஆபிரகாம் இனிஷியேட்டிவ்ஸ் அமைப்பு அரபு ஆசிரியர்களைக் கொண்டே யூதத் தொடக்கப் பள்ளிகளில் பேச்சு அரபு கற்பிக்க ஆரம்பித்தது. மெர்ஹாவிம் அமைப்பு கல்வித் துறையோடு சேர்ந்து மற்றப் பாடங்களுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது.

இதன் பலன் நிதானமாக ஊறுகிறது. யூதச் சிறுவன் ஒருவன் ஓர் அரபுப் பெண்மணியிடம் தினமும் பின்னம் கற்கிறான், வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டு வாங்குகிறான், மதிப்பெண்ணுக்காக அவரிடம் மன்றாடுகிறான். அதுவரை அவன் பார்த்த அரபுகள் பலரும் கட்டட வேலையிலோ கடையிலோ செய்தியிலோ இருந்தவர்கள். முதன்முறையாக ஓர் அரபு அவனைவிட அதிகாரத்தில் இருக்கிறார். ஆல்போர்ட் கேட்ட சம அந்தஸ்தைவிட ஒரு படி மேலே. பெற்றோர் யாரும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இல்லை. ஆசிரியர் வருவார், அவ்வளவுதான்.

என் கேள்வியை வைத்தால் இங்கே பதில் பாதகமாகவே வருகிறது. மறுபடியும் அரபுப் பெண்தான் பஸ் ஏறிப் போகிறார், ஹீப்ருவில் பாடம் நடத்துகிறார், ஆசிரியர் அறையில் ஒரே அரபாக உட்கார்ந்திருக்கிறார். நினைவு நாள் சைரனுக்கு அவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவரோடு பேசி வைப்பதில்லை. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் காஸா போருக்கும் பிறகு இந்தத் தனிமை பயமாகவே மாறியது. சமூக ஊடகத்தில் போட்ட பதிவுகளுக்காக அரபு ஆசிரியர்களும் மாணவர்களும் விசாரணைக்கும் தண்டனைக்கும் ஆளானார்கள். 2024-ல், பயங்கரவாதத்துக்கு ஆதரவு காட்டியதாகக் கருதப்படும் ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கக் கல்வித் துறைக்கு அதிகாரம் தரும் சட்டமும் வந்தது. அந்தச் சூழலில் கணிதத்தைத் தவிர வேறெதையும் பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஓர் ஆசிரியை முடிவெடுத்தால் அவரை யார் குறை சொல்ல முடியும்? இருமொழிப் பள்ளிகளில் அதே மாதங்களில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து, கதவைத் திறந்து, அழுகிற பிள்ளைகளோடு பேசினார்கள். வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது.

நான்காவதாக ஒன்றும் நடக்கிறது, யாரும் திட்டமிடாமலே. வடக்கே நோஃப் ஹகலில் என்ற நகரத்தில் அரபுக் குடும்பங்கள் கணிசமாக வாழ்ந்தும் அங்கே அரபு மொழிப் பள்ளி கிடையாது. பல பிள்ளைகள் பக்கத்து நாசரேத்துக்குப் போகிறார்கள், சிலர் ஹீப்ருப் பள்ளியிலேயே சேர்கிறார்கள். இதை ஒருங்கிணைப்பு என்று பாராட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தரப்பு தன் மொழியில் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்வது பகிர்ந்த சமூகம் ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஹைஃபா, அக்கோ, லோட், ராம்லே, யாஃபா போன்ற கலப்பு நகரங்களில் இருமொழிப் பள்ளிதான் என் முதல் தேர்வு. 2021 மே மாதத்தில் அந்தத் தெருக்களில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைத் தாக்கினார்கள். அங்கே பாதி வழிக்கு நேரமில்லை. இரண்டாவது ஆசிரியரின் சம்பளத்தை அரசே முழுதாக ஏற்று, பெற்றோர் கட்டணத்தை எடுத்துவிட்டால், வசதியில்லாத குடும்பமும் வரும். மற்ற ஊர்களில் அரபு ஆசிரியர் வழி. ஆனால் ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று அனுப்பவே கூடாது. இரண்டு பேராவது சேர்ந்து போக வேண்டும், அவர்களில் ஒருவர் வரலாறோ குடிமையியலோ நடத்த வேண்டும், யூத ஆசிரியர்களும் அதே எண்ணிக்கையில் அரபு ஊர்ப் பள்ளிகளுக்கு வர வேண்டும். முகாம்களை இந்த இரண்டில் ஒன்றோடு இணைத்து வருஷம் முழுக்க நடத்தினால் நடத்தலாம். தனியாக நடத்துவதென்றால் அந்தப் பணத்தை ஓர் அரபு ஆசிரியையின் சம்பளத்துக்குக் கொடுத்துவிடுவதே மேல்.