கச்சானும் மாரியும் கண்ட வெள்ளை அறைக்கதவுகள்

மட்டக்களப்புக் கல்லடியில் மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் உட்கதவுகள் ஐந்தையும் வெள்ளையில் போடுவதென்று 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முடிவெடுத்தோம். விறாந்தையிலிருந்து அறைகளுக்குச் செல்லும் நடை ஒடுங்கியது. அதன் கோடியில் ஒரேயொரு சன்னல்தான் இருக்கிறது. எங்கள் பழைய வீட்டில் வாணிஷ் பூசிய முதிரைக் கதவுகள் நாற்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கின்றன என்பது உண்மைதான், ஆனாலும் அந்த வீட்டின் நடையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டே நடக்க வேண்டியிருந்ததை மகள் மறக்கவில்லை. அவள் கேட்டது வெள்ளை. அந்த வெள்ளையை இரண்டு மாரிகளும், வறண்ட காற்று வீசும் ஒரு முழுக் கச்சான் காலமும் எப்படி நடத்தின என்பதை நேரில் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் மூன்று வகைக் கதவுகளைப் பார்த்தோம். முதலாவது, தச்சரிடம் சொல்லி மரத்தில் செய்வித்து வெள்ளை எனாமல் பூசுவது. நாவற்குடாவில் உறவினர் வீட்டில் அப்படியான கதவுகள் இருந்தன. தூரத்தில் நின்று பார்க்கையில் மிக அழகானவை. கிட்டப் போனபோதுதான் சட்டத்துக்கும் நடுப்பலகைக்கும் இடையில், பலகையின் இரு பக்கங்களிலும், நூல் பிடித்தது போல ஒரு மண்ணிறக் கோடு ஓடுவது தெரிந்தது. மரம் நீளப்பாட்டில் அதிகம் அசைவதில்லை. குறுக்குப்பாட்டில்தான் ஈரத்துக்குப் பருத்தும் வெயிலுக்குச் சுருங்கியும் வேலை செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலகை சுருங்கி, சட்டத்தின் காடிக்குள் மறைந்திருந்த நிறம் பூசப்படாத விளிம்பு வெளியே வந்துவிடுகிறது. வாணிஷ் பூசிய கதவிலும் இதே சுருக்கம் உண்டு. மரநிறத்தின் மேல் மரநிறம் தெரிவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. மரத்தில்தான் வெள்ளைக் கதவு வேண்டுமென்பவர்கள், பலகைகளைச் சட்டத்துக்குள் செருகுவதற்கு முன்பே அவற்றின் விளிம்புகளுக்குப் பிரைமர் எனும் அடிப்பூச்சும் ஒரு கை வெள்ளையும் பூசிவிடும்படி தச்சரிடம் சொல்லிவைக்க வேண்டும். கோர்த்து முடித்த கதவில் அந்த இடத்துக்குத் தூரிகை எட்டாது.

இரண்டாவது வகை, இப்போது கடைகளில் அதிகம் நிற்கும் எச்.டி.எஃப் வார்ப்புக் கதவு. மரநாரைப் பிசினோடு கலந்து பெரும் அழுத்தத்தில் தகடாக்கி, அதிலேயே பலகை வடிவங்களைப் பதித்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓரச்சட்டமும் தேன்கூடு போன்ற கடதாசி அடைப்பும் வைத்து ஒட்டியிருப்பார்கள். முகம் முழுவதும் ஒரே தகடாக இருப்பதால் சுருங்கித் தெரிய மூட்டே இல்லை. மூன்றாவது வகை பி.வி.சி கதவு. அது தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் தட்டினால் எழும் பிளாஸ்டிக் ஓசையும் கண்ணாடி போன்ற மினுக்கமும் படுக்கையறைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே நான்கு அறைகளுக்கு எச்.டி.எஃப், குளியலறைக்கு மட்டும் பி.வி.சி என்று பிரித்து வாங்கினோம். எச்.டி.எஃப் கதவொன்றின் விலை, தச்சர் முதிரைக்குச் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாகவே வந்தது.

எங்களுக்கு வாய்த்த கடைக்காரர் கதவின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் அழகாகக் காட்டினார். கதவைச் சாய்த்து அடிவிளிம்பைக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கடையிலிருந்து வந்து கதவு பூட்டியவர்கள், நிலையின் அளவுக்கு அடிப்பக்கத்தைச் சீவிவிட்டு, சீவிய இடத்துக்கு ஒன்றும் பூசாமலே பிணைச்சலில் மாட்டிவிட்டுப் போனார்கள். டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும் விடாமல் தொடர்ந்த நாட்களில், தரையைக் கழுவித் துடைக்கும்போதெல்லாம் ஈரம் அந்த விளிம்பால் ஏறியிருக்கிறது. தை பிறப்பதற்குள் மூன்றாவது அறைக் கதவின் அடியில் விரலைத் தடவினால், தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல ஓரம் பருத்துப் பொருக்காகியிருந்தது. மரம் பருத்தால் காயும்போது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். இந்தத் தகடு ஒருமுறை ஊதினால் திரும்புவதில்லை. கடையில் முறையிட்டபோது தண்ணீர் பட்டதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். தண்ணீர் படாத தரை மட்டக்களப்பில் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

மற்ற மூன்று கதவுகளையும் பங்குனியில் கழற்றி, நான்கு விளிம்புகளும் நன்றாகக் காய்ந்த பின் சாண்ட் பேப்பர் போட்டு, மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் எண்ணெய் பிரைமர் இரண்டு கை பூசி, அதன்மேல் எனாமலும் பூசி மாட்டினோம். பூட்டுக்குத் துளைத்த குழியின் உட்பக்கத்தையும் விடவில்லை. தரைக்கும் கதவுக்கும் இடையில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். 2024 நவம்பர் இறுதியில் கிழக்கையே மூழ்கடித்த மழைக்குப் பிறகு இந்த மூன்றையும் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பு கட்டியாகவே இருந்தது. அரை நாள் வேலைக்கும் ஒரு சிறு பேணி பிரைமருக்கும் ஒரு கதவு தப்பும் என்றால், அதைப் பூட்டும்போதே செய்யாமல் விடுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

வெள்ளையின் தன்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். எப்போதும் திரை போட்டிருக்கும் அறையின் உட்பக்கம் ஓராண்டுக்குள் பால்கட்டி நிறத்துக்குத் திரும்பியது. அதே கதவின் நடைப்பக்கம் பூசிய நாள் போலவே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் விளிம்பில் இரண்டு நிறங்களும் சந்திப்பதைப் பார்க்கலாம். நீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் இவ்வாறு மஞ்சளாவதில்லை. அடுத்த முறை முகத்துக்கு அதைத்தான் பூசுவேன். மினுக்கம் மிகுந்த பூச்சு தகட்டின் சிறு அலையையும் காட்டிக்கொடுக்கும். மினுக்கமே இல்லாத பூச்சில் கைபிடியைச் சுற்றிய அழுக்கு துடைத்தாலும் போகாது. இரண்டுக்கும் நடுவான சாட்டின் பூச்சு ஈரத்துணிக்கு மசிகிறது, கண்ணையும் கூசவைப்பதில்லை. சுவர் யானைத்தந்த வெள்ளையாக இருக்கும் வீட்டில் நீலம் கலந்த தூய வெள்ளைக் கதவைப் போட்டால் சுவர் அழுக்கேறியது போலத் தோன்றும். ஆகையால் பூசிய பலகைத் துண்டொன்றைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி, காலையிலும் மாலையிலும் அந்தந்தச் சுவரில் சாய்த்துப் பார்த்தே நிறத்தைத் தீர்மானித்தோம். இதில் நாங்கள் பிழைவிடவில்லை என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

மழை மாதங்களில் கதவுக்கு நிறம் பூசவே கூடாது. எனாமல் சில மணி நேரத்தில் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். ஈரக்காற்றில் இன்னும் நாட்பிடிக்கும். அதற்குள் சாத்திவைத்த கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்துத் திறக்கையில் தோலாக உரியும்.

பிணைச்சலில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் போய்ப் பார்க்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து கடலின் இரைச்சல் கேட்கும். கடைக்காரர் கதவோடு சேர்த்துக் கொடுத்த பிணைச்சல்களிலிருந்து முதல் மாரியிலேயே துரு வடிந்து, வெள்ளை விளிம்பில் கண்ணீர்த் தடம்போல இறங்கியது. காந்தம் ஒட்டாததால் நல்ல துருப்பிடிக்காத உருக்கு என்றுதான் நம்பியிருந்தோம். அந்த உருக்கில் 201 என்ற மலிவுத் தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை, ஆனால் உப்புக்காற்றுக்கு அது நின்றுபிடிக்காது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட 304 தரத்தை, தகட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். இப்போது ஒவ்வொரு கதவுக்கும் 4 அங்குலப் பிணைச்சல் மூன்று, திருகாணியும் அதே தரத்தில் போட்டிருக்கிறோம். துரு இல்லை.

நிலையின் அளவும் தொல்லை தந்தது. கடையில் நிற்பவை பெரும்பாலும் 6 அடி 9 அங்குல உயரமும் 2 அடி 9 அங்குல அகலமும் கொண்டவை. மேசன் வைத்த நிலைகளோ ஒன்றுக்கொன்று கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசப்பட்டன. உள்ளே வெற்றிடமான கதவின் ஓரச்சட்டம் மெலியது. அந்தச் சட்டத்தைத் தாண்டிச் சீவினால் கடதாசி அடைப்புத் தெரிந்துவிடும். கதவைத் தெரிவு செய்தபின் நிலையை அதற்கேற்ப வைப்பதே எச்.டி.எஃபுக்குப் பொருந்தும் ஒழுங்கு. பூட்டு வைப்பதற்கான மரக்கட்டை எந்தப் பக்கம் இருக்கிறதென்று விளிம்பில் குறியிட்டிருப்பார்கள்; மாட்டும் தச்சர் அதைப் பார்த்தாரா என்று நின்று கவனிக்க வேண்டும்.

ஊதிப்போன மூன்றாவது கதவு மகளின் படிப்பறைக்கு உரியது. அதன் அடியில் புட்டிப் பசை வைத்துச் சமன் செய்திருந்தாலும் எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. அதோடு, இந்த வகைக் கதவு சத்தத்தை மறிப்பதேயில்லை. விறாந்தையில் பேசும் பேச்செல்லாம் அவள் மேசை வரை கேட்கிறது. அந்த ஒரு கதவை மட்டும் உள்ளே மரத்துகள் பலகை அடைத்த கனமான எச்.டி.எஃப் கதவாக மாற்ற, சித்திரை வெயில் பிடித்ததும் சொல்லப்போகிறேன். விளிம்புகளுக்கான பிரைமரை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.