தோட்டக் குளத்துக்கு எந்த வடிகட்டி: மூடிய கலனா, சரளைப் படுகையா?

என் தோட்டக் குளத்தில் முதலில் இருந்தது மூடிய கலனுக்குள் தண்ணீரைச் செலுத்தும் அழுத்த வடிகட்டி. இப்போது இருப்பது செடிகள் நட்ட சரளைப் படுகை. எனக்குப் பிடித்தது படுகைதான். அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: கழுவும் வேலை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கு ஒன்றே. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1,000 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 80 செ.மீ. ஆழம் என்றால் 4,800 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அத்தனை தண்ணீரும் வடிகட்டி வழியே போய்வர வேண்டும். ஆக, மணிக்கு 2,400 லிட்டர். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. உயரம் கூடக்கூட அது குறையும் என்பதால் ஒரு படி பெரிய பம்பாக வாங்குவது நல்லது. குளத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சிறிய பஞ்சு வடிகட்டி, தொட்டி அளவிலான குளத்துக்குப் போதும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வடிகட்டி என்றதும் குப்பையைப் பிடிப்பதுதான் அதன் வேலை என்று தோன்றும். அது பாதி வேலைதான். மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. இந்தப் பாக்டீரியாக்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர்பவை. புது வடிகட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அழுத்த வடிகட்டியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அழுக்கைப் பிடிப்பதும் அதே பஞ்சுதான், பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பதும் அதே பஞ்சுதான். அழுக்குக்காக அதை அடிக்கடி கழுவ வேண்டும். பாக்டீரியாவுக்காக அதைத் தொடாமல் விட வேண்டும். கைப்பிடியைத் திருப்பி எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை ஓடவிட்டால் தேநீர் நிறத்தில் அழுக்கு வெளியேறும், பிறகு தெளியும். உள்ளே பஞ்சு சுத்தமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கோடையில் தீனி கூடும்போது ஓட்டம் மறுபடி குறைந்துவிடும். பிறகு மூடியைக் கழற்றிப் பஞ்சுகளை எடுக்க வேண்டியதுதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் அழிந்துபோகும். அதனால் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு, அதில் அமுக்கி எடுக்க வேண்டும், புதுப் பஞ்சு போல வெளுக்கும்வரை அல்ல.

மூடியை மறுபடி பொருத்துவதிலும் கவனம் வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும். உள்ளே அழுத்தம் இருப்பதால் சின்னக் கசிவும் இரவெல்லாம் ஓடிக் குளத்தை வற்றவைக்கும். பம்பை அடித்தளத்தில் வைக்காமல் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்தால், கசிந்தாலும் மீன்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். இரண்டு வகைக்கும் இது பொருந்தும். மின்சாரம் நின்றால் மூடிய கலனுக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். நீண்ட நேரம் நின்றிருந்தால் மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் நாற்றத் தண்ணீரைக் குளத்தில் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

அதற்கென்று நல்ல குணங்களும் உண்டு. இடம் அடைக்காது, பாதி மண்ணுக்குள் புதைத்து மறைக்கலாம். உள்ளே புறஊதா விளக்கு இருந்தால் பச்சைத் தண்ணீர் சீக்கிரம் தெளியும். ஆனால் ஓராண்டு தொடர்ந்து எரிந்த விளக்கின் புறஊதாக் கதிர் வலுவிழந்திருக்கும். நீல ஒளி தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது.

இனி சரளைப் படுகை. குளத்தைவிடச் சற்று உயரத்தில் ஒரு தனித் தொட்டி. அடியில் துளையிட்ட குழாய். மேலே சுமார் 30 செ.மீ. உயரத்துக்குப் பட்டாணி அளவுச் சரளை. மண் கூடாது. பம்ப் தள்ளும் தண்ணீர் அடியிலிருந்து கல்லுக்கிடையே மெதுவாக மேலேறி, விளிம்பில் வழிந்து குளத்துக்குத் திரும்பும். பரப்பு அகலமாக இருப்பதால் வேகம் குறைகிறது, கனமான அழுக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. குளத்துப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மேலே சொன்ன குளத்துக்கு 1.2 சதுர மீட்டர்.

கல்வாழை, சேம்பு, கோரை, வல்லாரை எல்லாம் இதில் நன்றாக வரும். சம்பு மட்டும் வேண்டாம். அதன் கிழங்கு குழாய்வரை போய் அடைக்கும். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சி வளர்வதால், முற்றிய இலைகளை வெட்டிக் குளத்துக்கு வெளியே போட்டால் சத்தும் அவற்றோடு போய்விடும். அங்கேயே அழுகவிட்டால் தண்ணீருக்கே திரும்பும். என் பராமரிப்பு பெரும்பாலும் இந்தக் கத்தரிக்கோல் வேலைதான். அடியில் சேரும் சேற்றுக்காகத் துளைக்குழாயின் கடைசியில் ஒரு செங்குத்துக் குழாயைச் சரளைக்கு மேல்வரை நிறுத்தி மூடி போட்டுவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை மூடியைத் திறந்து சேற்றை உறிஞ்சி எடுத்தால் போதும். கல்லைக் கலைப்பதில்லை, பாக்டீரியா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

படுகை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கல்வாழையைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெளுப்பாக, சரளையைக் கவ்விக்கொண்டு, ஈரமண் வாசனையோடு வந்தால் நலம். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓட்டம் போதவில்லை, ஆக்சிஜன் எட்டவில்லை என்று பொருள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த அளவுப் படுகைக்கே சரளை அரை டன்னுக்குக் குறையாது. அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடுதலாக ஆவியாகும். செடிகள் வேர்பிடிக்கும்வரை பச்சைத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் செடிகள் உறங்கிவிடும். நான் வளர்ப்பவை தங்கமீன்கள், அதுவும் அளவாகத்தான். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் கோய் மீன்களை அடர்த்தியாக வைத்திருப்பவர்கள் என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் படுகைக்கு முன்னால் அழுக்கு படியவைக்கும் ஒரு தொட்டியாவது தேவைப்படும்.

ஏற்கெனவே அழுத்த வடிகட்டி ஓடுகிறதென்றால் ஒரே நாளில் அதைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆறு வாரமாவது இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். பழையதை நிறுத்தியபின் தீனியைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் தீனியை மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.