மார்த்தாண்டத்துல ஜெர்சி அடிச்சேன்: துணி கொள்ளாம், சொன்ன தேதிய மட்டும் நம்பாதீங்க

எங்க டீம் ஆசானுக்கு பொறந்தநாளுக்கு ஒரு ஜெர்சி குடுக்கலாம்னு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு பக்கத்துல உள்ள ஒரு பிரிண்டிங் கடைக்கு போனேன். கடை பேரு வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன்.

ஆசான் ஒரு காலத்துல எங்க கடப்புறத்துல பேர் கேட்ட ஸ்ட்ரைக்கர், கிறிஸ்மஸ் டோர்னமெண்ட் ஒண்ணுல கீப்பர் கூட மோதி முட்டு போச்சு, அதுக்கு பெறவு பிள்ளேளுக்கு சொல்லிக் குடுக்க வந்துட்டாரு. அவருக்கு மெஸ்ஸியும் வேண்டாம் ரொனால்டோவும் வேண்டாம், இங்கிலாந்துல ஸ்ட்ரைக்கரா இருந்து பெறவு மேனேஜரா, அதாவது கோச்சா, பேரெடுத்த பிரையன் க்ளஃப் தான். அந்த மனுசனும் 1962 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சண்டர்லேண்ட் கிளப்புக்காக களிக்கும்போ பரி டீம் கீப்பர் மேல மோதித்தான் முட்டு போச்சு, வயசு 27. சும்மாவா ஆசானுக்கு அவர புடிக்கும்.

நானும் விவரமா போய், சிவப்புல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஜெர்சி, முதுகுல 9, மேல க்ளஃப்னு பேரு போடுங்கன்னேன். டிசைன் போடுத பையன் மவுஸ விட்டுட்டு நிமிந்து பாத்தான். "அண்ணே, அவரு ஃபாரஸ்ட்டுக்கு ஒரு மேட்ச் கூட களிச்சதில்லயே, அங்க மேனேஜர்லா?" எனக்கு சவம் வெக்கமா போச்சு. மிடில்ஸ்பரோவுக்கு லீக்ல 213 மேட்ச்ல 197 கோல், சண்டர்லேண்டுக்கு 61ல 54, ஆகமொத்தம் 274ல 251 கோல், இவ்வளவு அடிச்சவன இங்கிலாந்து டீம்ல ரெண்டே மேட்ச்தான் எறக்குனானுவன்னு அவனுக்கு வேற கோவம். பெறவு 1972ல டெர்பிக்கு லீக் வாங்கிக் குடுத்தது, லீட்ஸ்ல 44 நாள்ல வெளிய போட்டது, 1975ல ரெண்டாம் டிவிஷன்ல கெடந்த ஃபாரஸ்ட்ட எடுத்து 1978ல லீக், 1979லயும் 1980லயும் யூரோப்பியன் கப் (இப்போ சாம்பியன்ஸ் லீக்)னு கொண்டு போனது, எல்லாம் வரிசையா வருது. பின்னால நாலு பேரு வெயிட்டிங், ஓனர் மொறைக்காரு, இவன் நிப்பாட்டல.

கடைசில அவன் சொன்னபடிதான் அடிச்சோம், சண்டர்லேண்ட் சிவப்பு வெள்ளை வரி, 9 மட்டும். அந்த காலத்துல முதுகுல பேரே கிடையாதாம். மேனேஜரா இருந்தப்போ போட்ட பச்சை ஸ்வெட்ஷர்ட் வேணும்னா அடிச்சு தாரேன்னான், நம்ம ஊரு புழுக்கத்துல ஆசான் அவிஞ்சு போவாருன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்.

இனி குறைக்கு வருவோம். வியாழக்கிழமைன்னு சொல்லி அடுத்த புதன்கிழமதான் குடுத்தாங்க, போன் பண்ணுனா "பிரஸ்ல கெடக்கு"ங்க ஒரே பதில்தான். பொறந்தநாளு போயே போச்சு. வரி சப்ளிமேஷன்ல, அதாவது சூடாக்கி துணிக்குள்ளயே சாயம் ஏத்தி அடிச்சது, அப்படியே நிக்கி. ஆனா 9 வினைல் ஸ்டிக்கர், ரெண்டு அலசுலயே கீழ் வளைவு பேந்து வந்துட்டு. திரும்ப கொண்டு போனப்போ ஒரு வார்த்த பேசாம ஹீட் பிரஸ்ல வச்சு ஒட்டி தந்தாங்க, காசு கேக்கல, அத சொல்லணும். சைஸ் சின்னதா வருது, எக்ஸெல் போடுறவங்க டபுள் எக்ஸெல்லே சொல்லுங்க. பைக் நிறுத்த எடம் கிடையாது. காலர் தையல் நல்ல கட்டி.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அந்த அரை பையனுக்கு.

ஆசான் ஜெர்சிய திருப்பி முதுகுல பேரு இல்லாதத பாத்துட்டு "பரவால்லல மக்கா, உனக்கும் வெவரம் இருக்கே"ன்னாரு. நான் திருத்தப் போகல.