குன்னூருக்கு வந்த ஆபீஸ் ஸ்டேஷனரி கடை: பேப்பர் வாங்கலாம், பிரிண்டரைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்

கோயம்புத்தூரில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு ஆபீஸ் ஸ்டேஷனரி நிறுவனம் நம்ம குன்னூரிலும் கடை போட்டிருப்பது இந்நேரம் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் பெட்ஃபோர்டு பக்கம் கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். தேயிலை இலை ஏஜென்ட், காட்டேஜ் நடத்துபவர், மளிகைக் கடைக்காரர் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் பேப்பர்தான் வேலையே, அதனால் கடை திறந்ததில் இருந்து பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறேன். பொருள் வாங்க நல்ல கடை, சர்வீஸ் மட்டும் இன்னும் மலை ஏறி வரவில்லை.

விலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. 75 ஜிஎஸ்எம் கனத்தில் ஏ4 பேப்பர் ஒரு ரிம், அதாவது 500 தாள் கட்டு, மற்ற இடங்களைவிட 20, 30 ரூபாய் குறைவாகவே கிடைக்கிறது. ஐந்து ரிம் பெட்டியாக எடுத்தால் இன்னும் குறையும். என்னைப் போன்ற சின்ன ஆபீஸுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் பெரிய எஸ்டேட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சப்ளையரே தேடி வந்து தள்ளுபடி கொடுப்பார், நாம்தான் அட்டையில் போட்ட விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த மாதிரி செயின் கடைகள் வளர்ந்ததே இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட் தொழிலில் இருந்த தாமஸ் ஸ்டெம்பர்க், 1985-ல் ஜூலை 4 விடுமுறையின்போது பிரிண்டர் ரிப்பன் கிடைக்காமல் அலைந்திருக்கிறார். அடுத்த வருடம், 1986 மே மாதம், பாஸ்டனில் பிரைட்டன் பகுதியில் முதல் ஸ்டேப்பிள்ஸ் கடையைத் திறந்தார். அதே வருடம் ஃபுளோரிடாவில் ஆபீஸ் டெப்போ என்ற இன்னொரு ஸ்டேஷனரி செயின் வந்தது. பெரிய கம்பெனிக்குக் கிடைக்கும் விலை நாலு பேர் ஆபீஸுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது, அது பலித்தது. ஸ்டேப்பிள்ஸ் 2007-ல் பிக் பஜார் நடத்திய ஃபியூச்சர் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது.

அந்தக் கதையில் நமக்கு உதவும் இன்னொரு பகுதி உண்டு. 1997-ல் ஸ்டேப்பிள்ஸும் ஆபீஸ் டெப்போவும் ஒரே கம்பெனியாக இணையப் பார்த்தபோது அங்குள்ள நீதிமன்றம் தடுத்துவிட்டது. இரண்டு கடையும் இருக்கும் ஊரில் விலை குறைவு, ஒன்று மட்டும் இருக்கும் ஊரில் அதே பொருளுக்கு விலை அதிகம் என்பதை அரசுத் தரப்பு காட்டியதுதான் முக்கியக் காரணம். 2016-ல் மறுபடி முயன்றும் நடக்கவில்லை. அதனால்தான் நம்ம ஊர் பழைய ஸ்டேஷனரி கடைகளை யாரும் கைவிட்டுவிட வேண்டாம் என்கிறேன். அவை மூடிவிட்டால் இந்த 20 ரூபாய் தள்ளுபடியும் நிலைக்காது.

சரி, கடைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பேப்பர் வைத்திருக்கும் விதம். இங்கே பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து போகும், வாசல் பக்கம் தரையில் அடுக்கிய ரிம் ஈரம் இழுத்து ஓரம் சுருண்டு, பிரிண்டரில் இரண்டு தாளுக்கு ஒரு முறை மாட்டும். இந்தக் கடையில் உள்ளறையில், சுவரை ஒட்டாத ரேக்கில், பிரிக்காத பெட்டியாக வைத்திருக்கிறார்கள். புகளூரில் இருக்கும் தமிழ்நாடு அரசு காகித ஆலையான டிஎன்பிஎல்-இன் பேப்பர் எப்போதும் இருக்கிறது, கரும்புச் சக்கையையும் சேர்த்துச் செய்வது, என் லேசர் பிரிண்டரில் தொல்லை இல்லாமல் ஓடுகிறது. நீங்களும் வீட்டிலோ ஆபீஸிலோ மழைக்காலத்தில் ரிம் உறையை முழுசாகக் கிழிக்காமல், வேண்டிய அளவு எடுத்துவிட்டு மடித்து வையுங்கள்.

பில் சுத்தம், ஜிஎஸ்டி எண் கேட்டுப் போட்டுத் தருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கெல்லாம் வரி இல்லை என்று ஆனபோது உடனே விலையைக் குறைத்தார்கள், அதை மெச்சித்தான் ஆக வேண்டும். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன் எல்லாம் காத்திருந்தே வாங்கிவிடலாம். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் பொறுமையாகப் பேசுகிறார்கள், வயதானவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பத்தில் என்ன அளவு போட்டோ வேண்டும் என்பதுவரை பார்த்துச் சொல்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் கோயம்புத்தூரில் இருந்துதான் வர வேண்டும்.

டெலிவரி உண்டு, ஆனால் வண்டி நிற்கும் இடம் வரைதான். ஒரு ரிம் இரண்டே கால் கிலோவுக்கு மேல், ஐந்து ரிம் பெட்டி பன்னிரண்டு கிலோவை ஒட்டி வரும். பாதி குன்னூர் படிக்கட்டில்தான் இருக்கிறது, அதைத் தோளில் வைத்துப் படி இறங்கும் பாடு இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கூடுதலாக 50 ரூபாய் கேட்டாலும் கொடுப்போம், வாசல்வரை கொண்டுவரச் சொல்லுங்கள்.

பெரிய குறை பிரிண்டர் சர்வீஸ்தான். கொடுத்தால் கீழே அனுப்புகிறார்கள். என் பிரிண்டர் போனது மாதத்தின் இரண்டாவது வாரத்தில், 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போட வேண்டிய வேலை தலைக்கு மேல் இருந்த நேரம். இன்று வரும், நாளை வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது திரும்பி வந்தபோது தேதி தாண்டிவிட்டது. அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியவர் மவுன்ட் ரோட்டில் சின்ன அறையில் டோனர் ரீஃபில் செய்யும் அண்ணன் ஒருவர், தன் பிரிண்டரையே தூக்கிக் கொடுத்தார்.

அப்புறம் ஸ்டாக். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குத்தான் மழை அதிகம், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் எல்லா லாரியும் கோத்தகிரி சுற்றித்தான் வர வேண்டும். அந்த மாதிரி ஒரு வாரத்தில் அங்கே லீகல் சைஸ் பேப்பரும் பாக்ஸ் ஃபைலும் தீர்ந்துபோயின. பழைய கடைக்காரர்கள் புரட்டாசியிலேயே குடோனை நிரப்பிவிடுகிறார்கள், அவர்களிடம் இருந்தது.

கடை நிர்வாகம் இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது: குன்னூரிலேயே ஒரு சர்வீஸ் ஆளைப் போடுங்கள், வேலைக்கு ஊட்டி, கோத்தகிரி, வெலிங்டன் ஆபீஸ்களே போதும், மழைக்கு முன்னால் குடோனையும் நிரப்பிவிடுங்கள். வாங்கப் போகிறவர்கள் லீகல் சைஸ் வேண்டுமென்றால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் பை தடை இருப்பதால் காகிதப் பைதான் தருவார்கள், அது மழையில் பஸ் ஸ்டாண்ட் வரைகூடத் தாங்காது, நனையாத பை ஒன்று கையில் இருக்கட்டும்.