இன்ஸ்டாக்ஸ் மினி 12: முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு

தெருவிலும் திருவிழாவிலும் ஆட்களைப் படம் எடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் எல்லாரும் பையில் இதில் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்யூஜிஃபிலிம் 2023இல் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் கேமரா இது, எடுத்ததும் படம் அட்டையாகவே வெளியே வந்துவிடும். பிறந்தநாள், ரிசப்ஷன், காலேஜ் ஃபேர்வெல் என்றுதான் விற்கிறார்கள், அதற்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் நான் வாங்கியது, யாரைப் படம் எடுக்கிறேனோ அவர் கையிலேயே அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு வருவதற்காக. "வாட்ஸ்அப்ல அனுப்புறேன் அக்கா" என்று நம்பர் வாங்கிக்கொண்டு போகிற கேமராக்காரர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அனுப்புகிறார்கள் என்று சந்தையில் உட்கார்ந்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு ஏஏ பேட்டரி, லென்ஸைத் திருகினால் ஆன். ஒரு ஃபிலிம் பேக்கில் 10 படம். ஒவ்வொன்றும் 86 x 54 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஏடிஎம் கார்டு அளவு. அதில் முகம் தெரிகிற பகுதி 62 x 46. ஒன்றரை நிமிடத்தில் படம் தெளிந்துவிடும், உதறத் தேவையில்லை. வெளிச்சத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும், நாம் மாற்ற ஒன்றும் கிடையாது. ஃப்ளாஷை அணைக்கவும் முடியாது. நம் ஊர் முகங்களுக்கு இது முக்கியம்: ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் ஃப்ளாஷ் அடித்து மாநிறமும் கறுப்பும் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்துவிடும். ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஆளை நிழல் ஓரத்தில் நிறுத்தி எடுத்தால் அவரவர் நிறம் அவரவர்க்கு வரும்.

இதை வைத்துக்கொண்டு காசிமேட்டில் ஒரு மீன்கார அக்காவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முன்னால் கூடை, கூடையில் வஞ்சிரம், பின்னால் படகுகள், நம்மைப் போன்றவர்கள் பார்த்ததும் கேமராவைத் தூக்குகிற காட்சி. எடுத்துக் கொடுத்தேன். வெள்ளையாக இருந்த அட்டையில் முகம் வரும் வரைக்கும் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், வந்ததும் "மூக்குத்தியே தெர்ல தம்பி, இன்னொண்ணு எடு" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்து, கொண்டையைச் சரிசெய்து, கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். "இது வேணாம், நான் மட்டும்." இரண்டாவது படத்தில் மீனும் இல்லை, படகும் இல்லை. மூக்குத்தி போட்ட ஒரு பெண்மணி நேராகப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதைத்தான் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். முதல் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். புகைப்படப் போட்டிக்கு அனுப்பினால் அந்த முதல் படம்தான் ஜெயிக்கும், எனக்கும் அது தெரியும். ஆனால் தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் படம் எது என்பதை அவர் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் டிஜிட்டல் கேமராவில் எடுத்திருந்தால் அவர் சொல்வதற்கு வாய்ப்பே வந்திருக்காது.

இது சின்ன விஷயமில்லை. 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிராஃபிக் பத்திரிகையின் அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்களை உலகமே பார்த்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரிந்தது 2002இல், அவரைத் தேடிப்போய்க் கண்டுபிடித்த பிறகு. அதுவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படமும் இதே கதைதான். பெயர் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கிடைத்ததில்லை என்று அவர் வருத்தப்பட்டார். இரண்டுமே அருமையான படங்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல படம் வந்துவிட்டது என்பதற்காக, முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் விட்டது சரியாகிவிடாது.

இன்ஸ்டாக்ஸில் நெகட்டிவ் கிடையாது, மெமரி கார்டு கிடையாது. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான், கொடுத்துவிட்டால் நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. நமக்கும் வேண்டுமென்றால் "எனக்கு ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது, அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. மினி ஈவோ என்று இதே கம்பெனியின் ஹைப்ரிட் மாடல் ஒன்று உண்டு, டிஜிட்டலாக எடுத்து, பார்த்து, வேண்டியதை மட்டும் பிரிண்ட் போடலாம். வசதிதான், ஃபிலிமும் வீணாகாது. ஆனால் ஃபைல் நம்மிடமே தங்கிவிடும், அப்புறம் அது எங்கே போகிறது என்பது பழையபடி நம் இஷ்டம்.

கையில் கொடுக்கிறோம் என்பதால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சித்திரை மாதம் உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைக்கும்போது அந்த முகங்களுக்கு ஒரு முழம் தூரத்தில் எத்தனை லென்ஸ்கள் நீட்டிக்கொண்டு நிற்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எந்தக் கேமராவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் பூ வைத்து, புடவை கட்டி, அலங்காரம் முடித்து நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். எடுக்கச் சொன்னால் எடுங்கள், வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். படம் கிடைக்கும் என்றால் ஒரு தெருவே ஓடிவரும், அது சம்மதம் ஆகாது, மிட்டாய்க்கு வருவது போலத்தான். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுக்கிறேன்.

குறை என்றால் செலவுதான். ஒரு படம் ஏறக்குறைய ஐம்பது அறுபது ரூபாய் ஆகிறது, கண் மூடினாலும் காசு போச்சு. அதனாலேயே இஷ்டத்துக்குச் சுடாமல், பேசி, நின்று, கேட்டு எடுக்கிறோம் என்பதும் உண்மை. வாங்கும்போது பேக்கில் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஆன்லைனில் விலை ரொம்பக் குறைவாக இருந்தால் தேதி நெருங்கிய சரக்காக இருக்க வாய்ப்புண்டு. பேக் முடிவதற்கு முன் பின்கதவைத் திறக்காதீர்கள், மீதி ஃபிலிம் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் கேமராவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சித்திரை வெயிலுக்குக் கலர் எல்லாம் மாறிப்போகும்.